திரெட் பூல்: 120 வேலைக்கு 120 ஆள் வேண்டாம்

போன லீவுல கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப் போனேன். அங்கே இருக்கிற 120 மின் மீட்டர்களில் ரீடிங் எடுத்து டேட்டாபேஸ்ல போடணும். அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. ஒரு மீட்டர் பதில் சொல்ல சுமார் அரை விநாடி ஆகும். பைத்தானில் லூப் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒரு சுற்றுக்கு 60 விநாடி. அவங்க கேட்டதோ 10 விநாடிக்கு ஒரு ரீடிங்.

முதல் முயற்சி

மீட்டருக்கு ஒரு திரெட் என்று 120 திரெட் போட்டேன். ஒவ்வொன்றும் தனியாக ஒரு டேட்டாபேஸ் கனெக்‌ஷன் திறந்தது. போஸ்ட்கிரெஸ் டிஃபால்ட்டாக 100 கனெக்‌ஷன்தான் அனுமதிக்கும். மிச்சமெல்லாம் எரர். அதோடு, 10 விநாடிக்கு ஒருமுறை 120 திரெட்டை உருவாக்கி அழிப்பதும் வீண் செலவு.

பூல் எப்படி வேலை செய்யுது?

ஷிப்ட் பிரேக்ல கேன்டீனைப் பாருங்க. 120 பேர் சாப்பிட வந்தாலும் பரிமாற 120 பேர் இருக்க மாட்டாங்க. பத்து பேர் இருப்பாங்க, மத்தவங்க வரிசையில் நிற்பாங்க. ஒருத்தருக்குப் பரிமாறி முடித்ததும் அதே ஆள் அடுத்தவரைக் கவனிப்பார். திரெட் பூலும் இதேதான். பரிமாறுபவர் திரெட், வரிசை கியூ, சாப்பிட வந்தவர் டாஸ்க்.

பைத்தானில் இதற்கு திரெட்பூல்எக்ஸிகியூட்டர் இருக்கு. 2011-ல் வந்த 3.2 வெர்ஷனிலேயே சேர்த்துட்டாங்க. மேக்ஸ் ஒர்க்கர்ஸ் 10 என்று கொடுத்து, 120 டாஸ்க்கையும் சப்மிட் செய்தேன். 12 சுற்று, சுற்றுக்கு அரை விநாடி, மொத்தம் 6 விநாடி. எந்த நேரத்திலும் கனெக்‌ஷன் 10-ஐத் தாண்டவில்லை.

எத்தனை திரெட் வைக்கணும்?

நம்ம கம்ப்யூட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீங்க. எதிர்ப்பக்கம் எவ்வளவு தாங்கும் என்பதும் முக்கியம். இன்னொன்று, திரெட் பூல் பலன் தருவது நெட்வொர்க், டிஸ்க் மாதிரி காத்திருக்கும் வேலைகளுக்கு. வெறும் கணக்கு போடும் வேலை என்றால், வழக்கமான பைத்தானில் ஜிஐஎல் இருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு திரெட்தான் ஓடும். அதற்கு பிராசஸ் பூல் போங்க.

நான் மாட்டிய இடம்

எல்லாம் சரி என்று நினைத்தேன். மறுநாள் காலை சூப்பர்வைசர் கூப்பிட்டார். "தம்பி, ஃபர்னஸ் ராத்திரி முழுக்க ஓடிச்சு. உன் ரிப்போர்ட்ல சைபர்னு காட்டுதேப்பா?"

புரோகிராமில் ஒரு எரர் கூட வரல. தேடிப் பார்த்ததில், அந்த மீட்டர் வெற்றுப் பதில் அனுப்பியிருக்கு. அதை எண்ணாக மாற்றும் வரியில் வேல்யூ எரர். ஆனால் சப்மிட் செய்த டாஸ்க்கில் வரும் எரர் திரையில் வராது; ஃபியூச்சர் ஆப்ஜெக்ட்டுக்குள் போய் உட்கார்ந்துக்கும். நாம் ரிசல்ட் ஃபங்ஷனைக் கூப்பிட்டால்தான் வெளியே வரும். நான் கூப்பிடவே இல்லை. ரீடிங் இல்லாத இடத்தை ரிப்போர்ட் 0 ஆக்கிடுச்சு. அதை நம்பி யாராவது ஃபர்னஸ் நின்னிருக்குன்னு முடிவு எடுத்திருந்தால்?

அதனால் மூன்று விஷயம்:

1. ஒவ்வொரு ஃபியூச்சரிலும் ரிசல்ட்டைக் கேளுங்க. எரர் வந்தால் மீட்டர் எண்ணோடு லாக் செய்யுங்க.
2. நெட்வொர்க் அழைப்புக்கு டைம்அவுட் வையுங்க. பதில் தராத பத்து மீட்டர் போதும், பூலே முடங்கிடும்.
3. ரீடிங் வரலைன்னா 0 போடாதீங்க, காலியாக விடுங்க.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் பூல் போட்டிருந்தால், இன்னைக்கே ஒரு டாஸ்க்கில் வேண்டுமென்றே எரர் வரவெச்சுப் பாருங்க. திரையில் எதுவும் வரலைன்னா, என் நிலைமைதான் உங்களுக்கும்!