கனமான படகை இழுக்க எந்த வாகனம்?

சோளகக் காற்று எழும்பினால் மன்னார்த் தீவின் தென்கரை கொந்தளிக்கும். வாடை பிறந்தால் வடகரை. ஆகவே காற்றுக்கேற்பப் படகையும் வலையையும் தரைவழியே ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுபோகிறவர்கள் அங்கே உண்டு. அத்தகைய கடற்றொழிலாளர் சங்கம் ஒன்று அண்மையில் என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தது: “பாதர், கடன் எடுத்து ஒரு வாகனம் வாங்கப்போகிறோம். எத்தனை குதிரைவலு உள்ளதை வாங்கலாம்?”

கேள்வி எனக்குப் புதிதல்ல. 2012 இல் வேறொரு சங்கம் இதே நோக்கத்தோடு பழைய பிக்கப் ஒன்றை வாங்கியது. பளபளப்பைக் கண்டு தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். நான்கு மாதத்தில் கிளச் எரிந்தது. ஒருநாள் மணல் ஏற்றத்தில் வாகனம் நின்றுவிட, படகு பின்னோக்கி உருண்டு ஓர் இளைஞனின் கால்விரல்கள் நசுங்கின. கடன் தவணை மட்டும் நிற்காமல் ஓடியது.

குதிரைவலுவைக் கேட்குமுன் நிறையைக் கேட்க வேண்டும். 28 அடிப் படகை ‘மூன்றரைத் தொன் படகு’ என்கிறோம். அந்தப் பெயரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வெறும் படகின் நிறை வேறு, தொழிலுக்குப் போகும் படகின் நிறை வேறு. 40 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம் எழுபது கிலோவுக்குக் குறையாது. நூறு லீற்றர் எண்ணெய் எழுபத்தைந்து கிலோ வரும். நனைந்த வலை, ஐஸ், நங்கூரம், படகைத் தாங்கும் றெயிலர் எல்லாவற்றையும் கூட்டுங்கள். லொறி நிறுக்கும் தராசுக்கு ஒருமுறை கொண்டுபோய்ப் பார்ப்பதே நிச்சயம்.

படகும் றெயிலரும் சேர்ந்து இரண்டு தொன் என்று வைத்துக்கொள்வோம். மட்டமான தார் வீதியில் அதை உருட்டிச்செல்ல ஏறத்தாழ நாற்பது கிலோ இழுவை போதும். அதே பாரம் காய்ந்த தளர்மணலில் இறங்கினால் நிறையின் ஐந்திலொரு பங்கு, அதாவது நானூறு கிலோ வேண்டும். பத்து அடிக்கு ஓரடி உயரும் கரையானால் இன்னும் இருநூறு. ஆக அறுநூறு கிலோ. வீதியில் தேவைப்பட்டதைப் போல் பதினைந்து மடங்கு! வாகனம் தன்னுடைய நிறையையும் அதே மணலில் இழுக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

இங்கேதான் குதிரைவலு கைவிடுகிறது. இயந்திரம் எவ்வளவு பெரிதானாலும், இழுக்கும் சில்லுகள்மீது பாரம் இல்லாவிட்டால் அவை சுழன்று மணலைத் தோண்டுமே தவிர வாகனத்தை நகர்த்தா. முன்சில்லால் ஓடும் வான் இதற்கு அறவே உதவாது. கொக்கியில் விழும் பாரம் பின்பக்கத்தை அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கிவிடும். இருசில்லு உழவு இயந்திரம் சிறு வள்ளத்துக்குச் சரி. இரண்டு தொன்னுக்கு அதன் உடல் நிறை போதாது. நான்குசில்லு உழவு இயந்திரம் ஒன்றரை முதல் இரண்டு தொன் நிறையும் அகன்ற பெரிய பின்சில்லுகளும் கொண்டது. குறைந்த வேகத்திலேயே நின்று இழுக்கும். கரைக்கு அதுவே உகந்தது. பிக்கப்தான் வேண்டுமென்றால் நான்கு சில்லும் இழுப்பதாக, தாழ்கியர் உள்ளதாக, டீசலில் ஓடுவதாக இருக்கட்டும். மணலில் இறங்குமுன் ரயர்க் காற்றை ஏறக்குறைய பாதியாகக் குறைத்து, வீதிக்கு ஏறியதும் மீண்டும் நிரப்ப வேண்டும். இதைச் சோம்பலால் செய்யாதவர்களே அதிகம்.

ஆனால் வாகனம் மணலில் இறங்கத்தான் வேண்டுமா? அதை மேலே இறுகிய தரையில் நிறுத்தி, நீண்ட கயிற்றால் படகை இழுக்கலாம். அப்போது வாகனத்தின் சொந்த நிறை மணலில் அமிழாது. அறுநூறு கிலோ மட்டுமே கணக்கு. படகின் முன்பக்கத்தில் ஒரு கப்பியைக் கட்டி, கயிற்றின் ஒரு நுனியை மேலே நல்ல பனையின் அடியில் பிணைத்து, மறுநுனியை வாகனம் இழுத்தால் அறுநூறு முந்நூறாகும். வாகனம் இருமடங்கு தூரம் ஓட வேண்டும், அவ்வளவே. நைலோன் கயிறு நீண்டு அறுந்தால் சவுக்குப்போல் அடிக்கும். இழுக்கும்போது கயிற்றின் பக்கம் ஒருவரும் நிற்கக்கூடாது, பிள்ளைகள் ஒருபோதும் கூடாது. ஏறும் படகின் பின்னால் ஒருவர் மரக்கட்டையோடு பக்கவாட்டில் நின்று, அவ்வப்போது சில்லுக்கு அணை வைக்கட்டும். அந்த இளைஞனுக்கு அன்று இல்லாமற்போனது இந்தக் கட்டைதான்.

வீதியில் கவலை இழுப்பதைப் பற்றியதல்ல, நிறுத்துவதைப் பற்றியது. பிரேக் இல்லாத றெயிலருக்குப் பிரித்தானியாவில் 750 கிலோ அல்லது இழுக்கும் வாகன நிறையில் பாதி, இவற்றில் குறைந்ததே எல்லை. நாமும் அதைப் பின்பற்றலாம். இரண்டு தொன் படகென்றால் றெயிலருக்குப் பிரேக் வேண்டும். இழுக்கும் வாகனமும் அதற்குக் குறையாத நிறையோடு இருப்பது நல்லது. கொக்கியின்மேல் மொத்த நிறையில் பத்திலொரு பங்கு விழும்படி படகை முன்னே தள்ளி வையுங்கள். பின்பாரம் கூடினால் றெயிலர் பாம்புபோல் நெளியும். வெளியிணைப்பு இயந்திரத்தைக் கழற்றி வாகனத்திலேயே ஏற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் கொக்கியில் விழும் அந்த இருநூறு கிலோவும் வாகனம் ஏற்றக்கூடிய பாரத்தில் ஒரு பகுதிதான். பின்னால் ஆறுபேர் ஏறி உட்காரக்கூடாது.

விலை பேசுமுன் கையேட்டில் இழுவை எல்லையைப் பாருங்கள். அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கரையோர வாகனங்களை உப்பு உள்ளிருந்து தின்னும். பிறகு உரிமையாளரைக் கொண்டே, உங்கள் படகை உங்கள் ஏற்றத்தில் கட்டி, நடுவழியில் நிறுத்தி மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். கிளச் கருகும் மணம் வந்தால் வணக்கம் சொல்லித் திரும்புங்கள். வாங்கிய பின், ஓடிச் சூடேறிய றெயிலர்ச் சில்லை உடனே கடலில் இறக்காதீர்கள். குளிரும்போது பெயாரிங் உப்புநீரை உள்ளிழுக்கும். கால்மணி நேரம் ஆறவிட்டு இறக்கி, வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

கேள்வியோடு வந்த சங்கத்தார் இப்போது பழைய உழவு இயந்திரம் ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். பின்பக்கத்தில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதாம். அதைத் திருத்தித் தந்தால்தான் முற்பணம் என்று நிற்கிறார்கள்.