நட்சத்திரம் கட்டினால் தயாராகிவிட்டோமா?

நவம்பர் கடைசி வாரத்தில் பரணிலிருந்து அட்டைப்பெட்டி இறங்கும். போன வருஷத்து நட்சத்திரத்தில் ஒரு முனை கிழிந்திருக்கும்; சீரியல் லைட்டில் பாதி எரியாது. முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுக்க வேண்டும், துணி எடுக்க வேண்டும், குடிலுக்கு வைக்கோல் தேட வேண்டும். அதே வாரம் கோயில் பீடத்தில் ஊதாத் துணி விரித்திருப்பார்கள். பூசையில் வாசிக்கிற நற்செய்தியில் மாட்டுத்தொழுவம் வராது; விழிப்பாயிருக்கச் சொல்லும் எச்சரிக்கைதான் வரும். வீட்டு ஆயத்தம் ஒரு பக்கம், கோயில் ஆயத்தம் இன்னொரு பக்கம். கத்தோலிக்கர் திருவருகைக்காலம் என்றும், மற்றச் சபையார் அட்வெந்து என்றும் சொல்லும் இந்த நாட்களைப் பற்றி நம்மிடையே உலவும் சில எண்ணங்களைத் தட்டிப் பார்ப்போம்.

எண்ணம் 1: டிசம்பர் 1 அன்று தொடங்குகிறது.

உண்மை: நாளுக்கொரு ஜன்னலாகத் திறக்கும் அட்வெந்து காலண்டர்கள் உண்டாக்கிய பழக்கம் இது. திருச்சபையின் கணக்கு ஞாயிற்றுக்கிழமையை வைத்து ஓடுகிறது. நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். நம் ஊர்ப் பழைய வழக்கில் பெலவேந்திரர். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறே தொடக்கம். அதனால் 2022-இல் நவம்பர் 27 தொடங்கி 28 நாள் நீண்டது. 2023-இல் டிசம்பர் 3 தொடங்கி 22 நாளில் முடிந்துபோனது. அந்த முதல் ஞாயிறுதான் திருவழிபாட்டு ஆண்டுக்கும் புத்தாண்டு.

எண்ணம் 2: குழந்தை இயேசுவின் பிறந்தநாளுக்கான கவுண்ட்டவுன்.

உண்மை: ‘அத்வெந்துஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு வருகை என்று பொருள். எந்த வருகை? முதல் ஞாயிறுக்கு மூன்றாண்டுச் சுழற்சியில் வரும் வாசகங்கள் மத்தேயு 24, மாற்கு 13, லூக்கா 21. மூன்றும் பேசுவது மானிட மகன் மாட்சியோடு திரும்பி வருவதை. ரோமை வழிபாட்டு முறையில் டிசம்பர் 16 வரை இந்த இரண்டாம் வருகைக்கே அழுத்தம். 17 முதல்தான் பார்வை பெத்லகேம் பக்கம் முழுதாகத் திரும்புகிறது. 12-ஆம் நூற்றாண்டுத் துறவி புனித பெர்னார்து, இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வருகை ஒன்றையும் சொன்னார்: கண்ணுக்குத் தெரியாமல் அன்றாடம் மனித உள்ளத்துக்கு வருவது. குடிலில் பொம்மை வைத்ததும் முடிந்துபோகிற காத்திருப்பாக இதைத் திருச்சபையும் நினைக்கவில்லை, பெர்னார்தும் நினைக்கவில்லை.

எண்ணம் 3: இது தவக்காலத்தின் தம்பி, அழுது நோன்பிருக்க வேண்டிய காலம்.

உண்மை: பாதி சரி. பிரான்சின் மாக்கோன் நகரில் 581-இல் கூடிய சங்கம், நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள் முதல் கிறிஸ்துமஸ் வரை திங்கள், புதன், வெள்ளிகளில் நோன்பிருக்கச் சொன்னது. கேரளத்து சீரோ மலபார் கிறிஸ்தவர்கள் டிசம்பர் 1 முதல் ‘இருபத்தைந்து நோன்பு’ இருக்கும் வழக்கத்தை இன்றும் விடவில்லை. ஆனால் இன்றைய லத்தீன் முறையில் இந்தக் காலத்துக்கென்று தனி நோன்புக் கட்டளை இல்லை. ‘உன்னதங்களிலே’ கீதம் மட்டும் நிற்கும். தவக்காலத்தில் நின்றுபோகும் அல்லேலூயா இங்கே தொடரும். மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு. அன்று குரு இளஞ்சிவப்பு உடுப்பு அணியலாம். நிறைமாதக்காரி இருக்கிற வீட்டில் சத்தம் தானாகக் குறையுமே, அந்த அடக்கம் இது.

எண்ணம் 4: நான்கு மெழுகுவர்த்தி வளையம் ஆதித் திருச்சபையின் வழக்கம்.

உண்மை: இன்றுள்ள வடிவத்துக்கு இன்னும் இருநூறு வயதுகூட ஆகவில்லை, தொடங்கிவைத்தவரும் கத்தோலிக்கர் அல்லர். ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விஹெர்ன் என்ற லுத்தரன் இறையியலாளர் 1833-இல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் திறந்தார். ‘கிறிஸ்துமஸ் எப்போ வரும்?’ என்று பிள்ளைகள் நச்சரித்ததாகவும், அவர்களுக்குக் கணக்குக் காட்ட 1839-இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்ததாகவும் சொல்வார்கள். ஞாயிறுக்கு ஒன்றாகப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி நான்கு, வாரநாளுக்கு ஒன்றாகச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகள். நாளுக்கொன்று ஏற்ற ஏற்ற அறையில் வெளிச்சம் கூடும். கத்தோலிக்கக் கோயில்களுக்கு அது வந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். நான்குக்கும் எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று சொல்லும் பெயர்களும் பிற்கால வழக்கமே; வேதத்தில் அப்படி ஒரு பட்டியல் இல்லை. அனாதரவான பிள்ளைகளுக்காக ஏற்றிய விளக்கு அது என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

எண்ணம் 5: விழித்திருப்பது என்றால் முடிவு நாளைக் கணக்கிட்டு நடுங்குவது.

உண்மை: கணக்கிட்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயியின் போதனையைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தார்கள். சிலர் விளைச்சலை நிலத்திலேயே விட்டுவிட்டார்கள். பொழுது விடிந்தது, எதுவும் நடக்கவில்லை. வரலாறு அதைப் ‘பெரும் ஏமாற்றம்’ என்று குறித்துவைத்திருக்கிறது. அந்த நாள் தந்தையைத் தவிர யாருக்கும் தெரியாது என்று மத்தேயு 24 ஏற்கெனவே சொல்லியிருக்கிறது.

பின் ஆயத்தம் எது? மூன்றாம் ஞாயிறில் மூன்றாண்டுக்கொருமுறை வாசிக்கப்படும் லூக்கா 3-இல் மக்கள் இதையே திருமுழுக்கு யோவானிடம் கேட்கிறார்கள். அவர் யாரையும் பாலைவனத்துக்குக் கூப்பிடவில்லை. இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவருக்குக் கொடு என்கிறார். வரி வசூலிப்பவரிடம், விதித்ததற்கு மேல் வாங்காதே. படைவீரரிடம், மிரட்டிப் பணம் பறிக்காதே, சம்பளம் போதுமென்றிரு. அவரவர் மேசையிலும் அவரவர் சட்டைப்பையிலும் தொடங்குகிற ஆயத்தம். கார்த்திகை மழையில் நனைந்து நிற்பவருக்கு நம் வீட்டில் சும்மா கிடக்கும் போர்வையும் அந்தக் கணக்கில் சேரும்.

எண்ணம் 6: நம்பிக்கையோடிருப்பது என்றால் ‘எல்லாம் நல்லபடியாக முடியும்’ என்று தேற்றிக்கொள்வது.

உண்மை: இதற்குத் தமிழே ஒரு வழி காட்டுகிறது. பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் விசுவாசம், நம்பிக்கை என்று இருந்த இணை, 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, எதிர்நோக்கு என்று மாறியது. எதிரே வருகிறவரை நோக்கி நிற்பது எதிர்நோக்கு. வருவது நம் விருப்பப்படி வரும் என்ற உத்தரவாதம் அந்தச் சொல்லில் இல்லை.

ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் தீத்ரிஹ் போன்ஹோஃபர், பெர்லினின் டெகல் சிறையிலிருந்து 1943 நவம்பர் 21 அன்று நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். சிறை அறைக்கும் அட்வெந்துக்கும் அதில் ஓர் ஒப்புமை சொன்னார்: கதவை உள்ளிருந்து திறக்க முடியாது, வெளியிலிருந்துதான் திறந்தாக வேண்டும். அப்படி எழுதிவிட்டு அவர் கைகட்டி உட்காரவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சக கைதிகள் சொல்வதற்கென்று செபங்கள் எழுதிக் கொடுத்தார். அவர் எதிர்பார்த்த விடுதலை வரவில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். செபங்கள் சிறைக்கு வெளியே வந்தன. இன்றும் மக்கள் அவற்றைச் சொல்கிறார்கள்.