பல் போனால் சொல் மட்டுமா போகும்?

“வயசாச்சுன்னா பல்லு விழத்தான செய்யும், பேச்சும் கொறையத்தான செய்யும்.” வத்திராயிருப்பிலும் கூமாப்பட்டியிலும் திண்ணைக்குத் திண்ணை கேட்கிற பேச்சு இது. இரண்டு பாதியும் தவறு. பல்லை விழவைப்பவை ஈறு நோயும் சொத்தையும், முதுமை அல்ல. வாரக்கணக்கில் யாரோடும் பேசாமல், சாப்பாட்டில் நாட்டமில்லாமல், விடியுமுன்னே விழித்துக் கிடக்கிறவருக்கு மனச்சோர்வு இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. ஆனால் கண்டுபிடிப்பதே அரிதாக இருக்கிறது: 2017-18இல் முதுமை குறித்து நாடு முழுவதும் நடந்த லாசி (LASI) ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. மருத்துவர் சொல்லி அறிந்திருந்தவர்கள் 0.8 சதவீதம்தான்.

“மனசுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?”

இரு பக்கமும் சம்பந்தம் உண்டு. மனம் சோர்ந்தவர் பல் துலக்குவதையும் பல்செட்டைக் கழுவுவதையும் கைவிட்டுவிடலாம். சோறு குறைந்து இனிப்பு டீ கூடும், புகையிலையும் கூடும். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள் உமிழ்நீரைக் குறைக்கும். வாயில் உருவாகும் அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீர். அது வற்றினால் ஈறு இறங்கிய இடத்தில் பல்லின் வேரே சொத்தையாகும், பல்செட் உரசிப் புண்ணாகும்.

மறுபக்கம், பல் போனவர் பந்தியில் உட்காரக் கூசுகிறார். பேச்சு குழறுகிறதென்று வாயைத் திறப்பதில்லை. கல்யாணம், கோயில், திண்ணை என ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறார். வீட்டில் சோற்றைக் குழைத்துக் கொடுத்து, அதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். அன்புதான்; ஆனால் அந்த அன்பு சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறது என்பேன். பல நாடுகளில் முதியோரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளும் இந்த இருவழித் தொடர்பைக் காட்டுகின்றன. அதற்காக, பல் போனதால்தான் இவருக்கு மனச்சோர்வு என்று ஒருவரைக் காட்டிச் சொல்லிவிட முடியாது. வறுமையும் நீரிழிவும் துணையை இழந்த துக்கமும் பல்லையும் பாதிக்கும், மனதையும் பாதிக்கும்.

“வாய் காயுதா? மாத்திரைய நிறுத்திரு.”

எல்லாவற்றிலும் ஆபத்தான யோசனை இது. திடீரென நிறுத்தினால் தூக்கம் கெடும், தலைசுற்றும், மனச்சோர்வு திரும்பலாம். வாய் காய்கிறது என்று மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். அதுவரை அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர் போதும். ஆரஞ்சு மிட்டாயைச் சப்பவே கூடாது.

“மேல்பல்லப் பிடுங்கினா கண்ணு போயிரும்.”

போகாது. பார்வை நரம்பு வேறு, மேல்பல்லுக்கு வரும் நரம்பு வேறு. இந்தப் பயத்தில் முகம் வீங்கும்வரை வலியைப் பொறுத்துக்கொள்ளும் பெரியவர்களை நினைத்தால் மனம் பதைக்கிறது. சர்க்கரை நோயோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ இருந்தால் மட்டும் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

“பல்லே இல்ல, பல் டாக்டர் எதுக்கு?”

பல் விழுந்த தாடையெலும்பு தேய்ந்துகொண்டே வரும்; பொருந்திய பல்செட்டும் தளர்ந்துவிடும். அதைச் சரிசெய்ய ஆள் வேண்டாமா? வெற்றிலை பாக்குப் பழக்கம் உள்ளவர் வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் உடனே காட்ட வேண்டும். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் பெண் பணியாளரிடம், “அம்மா சரியா சாப்பிடுறதில்ல, யார்கிட்டயும் பேசுறதில்ல” என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.