எங்கே பார்த்தாய் என்று கேட்கும் டீச்சர்

மாவட்ட அளவில் எந்தப் பேச்சுப் போட்டி நடந்தாலும், யாராவது ஒரு மாணவர் மெக்காலேயை மேடைக்கு இழுத்து வந்துவிடுவார். 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மெக்காலே பேசினாராம். இந்தியா முழுக்கச் சுற்றியும் ஒரு பிச்சைக்காரரையோ திருடரையோ பார்க்கவில்லை, இந்த நாட்டை வெல்ல வேண்டுமானால் இதன் பழைய கல்வியையும் பண்பாட்டையும் உடைக்க வேண்டும் என்றாராம். கைதட்டல் நிச்சயம். நடுவர்களும் தலையாட்டுவார்கள்.

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். இணையத்தில் கிடைப்பதை எப்படிச் சோதிப்பது என்று ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லித்தரும்போது இந்த மெக்காலே பேச்சைத்தான் முதலில் எடுப்பேன். இதைப் பிடிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். அந்தத் தேதியில் அந்த மனிதர் எங்கே இருந்தார் என்று கேட்டால் போதும். மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கினார். அப்போது ஊட்டியில் தங்கியிருந்த தலைமை ஆளுநர் பென்டிங்க்கைப் போய்ப் பார்த்தார். பிறகு கல்கத்தா. 1838 வரை இந்தியாவில்தான் இருந்தார். லண்டனுக்குக் கப்பலில் போக மாதக்கணக்கில் ஆன காலம் அது. அப்படியானால் 1835 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் பேசியது யார்?

வேடிக்கை என்னவென்றால் தேதி மட்டும் உண்மை. கல்வி பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற குறிப்பில் அதே தேதிதான் இருக்கிறது. அதன் முழு வாசகமும் இணையத்திலேயே கிடைக்கும். இந்தியாவும் அரேபியாவும் படைத்த இலக்கியம் அனைத்தும் நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒரே ஒரு தட்டுக்கு ஈடாகாது என்கிற பொருளில் அதில் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியைப் படித்துக் காட்டியதும் ஒரு மாணவி கேட்டாள்: "நிஜமாச் சொன்னதே இவ்வளவு மோசமா இருக்கே டீச்சர், அப்புறம் எதுக்குப் பொய்யா ஒண்ணு?" அவளே அடுத்த போட்டிக்கு உண்மையான குறிப்பை வைத்துப் பேச்சு தயாரித்தாள். பரிசு வந்ததா என்று கேட்காதீர்கள். கைதட்டல் பொய்க்குத்தான் அதிகம் விழும். அது நடுவர்களுக்கு எடுக்க வேண்டிய வகுப்பு.

இதில் பிள்ளைகள் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பார்க்கிறேன். ஒரு பக்கத்தை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள அந்தப் பக்கத்தையே உற்று உற்றுப் படிப்பதில் பயனில்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா, வடிவமைப்பு நன்றாக இருக்கிறதா, 'எங்களைப் பற்றி' என்ற பகுதி இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கச் சொல்லும் பழைய பட்டியல்கள் இன்னும் பயிற்சி வகுப்புகளில் சுற்றுகின்றன. இன்றைக்கு எவரும் ஒரு மணி நேரத்தில் அழகான இணையதளம் செய்துவிடலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். பேராசிரியர்களில் பலரும் மாணவர்களும் கொடுத்த பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தார்கள், ஏமாறவும் செய்தார்கள். சரிபார்ப்பாளர்களோ ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே வெளியே வந்தார்கள். புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளை வீட்டிலா கேட்போம், பக்கத்துத் தெருவில்தானே விசாரிப்போம் என்று நான் சொன்னதும் வகுப்பு சிரிக்கும், ஆனால் பிடித்துக்கொள்ளும்.

பள்ளியில் கைபேசிக்கு அனுமதி இல்லை. ஹைடெக் லேபில் நமக்குப் பாடவேளை கிடைத்து, அன்றைக்கு இணையமும் வந்தால் அதிர்ஷ்டம். அதனால் பாதி வகுப்பைத் தாளிலேயே நடத்துகிறேன். ஒரே விஷயத்துக்கு இரண்டு விதமாகத் தேடினால் வரும் முடிவுகளை முந்தைய நாளே அச்செடுத்து வைத்துக்கொள்வேன். 'கருஞ்சீரகம் நன்மைகள்' என்று தேடியதில் வந்தவை ஒரு தாளில், 'கருஞ்சீரகம் பக்கவிளைவு' என்று தேடியதில் வந்தவை இன்னொன்றில். இரண்டையும் இரண்டு குழுக்களிடம் கொடுத்து, கருஞ்சீரகத்தைத் தினமும் சாப்பிடலாமா என்று கேட்டால் வகுப்பில் சண்டையே வரும். பிறகு தாள்களை மாற்றிக்கொள்ளச் சொல்வேன். விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துத் தேடினால் தேடுபொறியும் அதையேதான் திருப்பிக் கொடுக்கும் என்று அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்காது.

தமிழில் தேடிக் கிடைக்காததை ஆங்கிலத்திலும் தேடு, சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடு, அரசுத் தகவல் வேண்டுமானால் அரசுத் தளங்களுக்குள் மட்டும் தேடு: இவையெல்லாம் பத்து நிமிட வேலை. பிள்ளைகள் நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொள்வார்கள்.

வகுப்பு தடம் புரள்வது வேறோர் இடத்தில். பொய்ச் செய்திகளை மட்டுமே வரிசையாகக் காட்டி நடத்தப்படும் விழிப்புணர்வு வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். முடிவில் பிள்ளைகள், "நெட்ல வர்றது எல்லாமே பொய்" என்று மகிழ்ச்சியாக எழுந்து போவார்கள். எல்லாவற்றையும் நம்புகிறவனும் உழைப்பதில்லை, எதையும் நம்பாதவனும் உழைப்பதில்லை. இரண்டாமவன் தன்னைப் புத்திசாலி என்று வேறு நினைத்துக்கொள்கிறான். எனக்கு அவன்மீதுதான் பயம் அதிகம். தடுப்பூசி முகாம் பற்றிச் சுகாதாரத் துறை வெளியிடும் அறிவிப்பையும் அவன் அதே சிரிப்போடு ஒதுக்கிவிடுவான்.

அதனால் என் சீட்டுக்கட்டில் உண்மையும் பொய்யும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி இருக்கும். உண்மைகள் நம்ப முடியாதவையாகவும், பொய்கள் பழகியவையாகவும் இருக்க வேண்டும். 'உலகின் சிறந்த தேசிய கீதம் இந்தியாவுடையது என யுனெஸ்கோ அறிவித்தது' என்பது ஒரு சீட்டு. 'தீபாவளி இரவில் இந்தியா: நாசா எடுத்த படம்' இன்னொன்று. 'முதல் உலகப் போரில் ஜெர்மன் கப்பல் சென்னைமீது குண்டு வீசியது', 'எகிப்தின் செங்கடல் கரையில் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்தது', 'ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள்' என்று போகும். முதல் சுற்றில் பெரும்பாலோர் தேசிய கீதத்தை உண்மை என்பார்கள், ஜெர்மன் கப்பலைப் பொய் என்பார்கள். பானை ஓட்டில் வகுப்பு இரண்டாகப் பிரியும். தமிழ்ப் பெருமை பேசுகிறது என்பதாலேயே சிலர் நம்புவார்கள், அதே காரணத்துக்காகச் சிலர் நம்பமாட்டார்கள். இரண்டு காரணமும் செல்லாது என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் தேட விடுவேன்.

தேடினால் கிடைக்கிறது. எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. பாட்டி இன்றைக்கும் கெட்டிக்காரனை 'எம்டன்' என்று சொல்வதன் கதை தெரிந்ததும் வீட்டில் போய்ச் சொல்ல ஓடுவார்கள். குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடு கிடைத்திருப்பது அகழாய்வு செய்தவர்களும் கல்வெட்டறிஞர்களும் பதிவுசெய்தது. யுனெஸ்கோ அப்படி எந்த அறிவிப்பும் செய்யவில்லை. அந்தத் 'தீபாவளிப் படம்' கொஞ்சம் சுவையானது. படம் பொய்யல்ல, தலைப்புதான் பொய். அமெரிக்காவின் நோவா அமைப்பைச் சேர்ந்த கிறிஸ் எல்விட்ஜ், பல ஆண்டுகளின் இரவு வெளிச்சப் பதிவுகளை வெவ்வேறு நிறங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இந்திய நகரங்கள் வளர்ந்ததைக் காட்டச் செய்த படம் அது. 2012 நவம்பரில் நாசாவே இதை விளக்கி, உண்மையான தீபாவளி இரவுப் படத்தையும் வெளியிட்டது. அதில் வண்ணமும் இல்லை, வாணவேடிக்கையும் இல்லை. விண்ணிலிருந்து பார்த்தால் மற்ற இரவுகளுக்கும் தீபாவளி இரவுக்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை.

உண்மையான படத்துக்குப் பொய்த் தலைப்பு என்பதைப் பிள்ளைகள் ஆழமாகப் புரிந்துகொள்ள வேண்டும், உயிரை வாங்குவது பெரும்பாலும் அதுதான். 2018-ல் இந்தியா முழுக்க ஒரு வீடியோ சுற்றியது. தெருவில் விளையாடும் குழந்தையை பைக்கில் வந்த இருவர் தூக்கிப் போகிறார்கள். அது கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்களே திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். குழந்தைக் கடத்தல் வதந்திகள் ஊரெங்கும் பரவிய அதே ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த ஒரு குடும்பத்தைக் கடத்தல்காரர்கள் என்று நினைத்து ஊரார் அடித்தார்கள். முதிய பெண்மணி ஒருவர் இறந்தார். அவர் செய்த தவறு, வழியில் நின்ற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. இதைச் சொல்லும் நாளில் நான் வேறு பயிற்சி எதுவும் வைப்பதில்லை. வீடியோவுக்கு முன்னே என்ன, பின்னே என்ன, எப்போது, எந்த ஊர் என்ற கேள்விகளை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்வேன்.

வீட்டுப்பாடமாக, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு ஃபார்வர்டைச் சோதித்து வரச் சொல்வதுண்டு. இதை மற்ற ஆசிரியர்கள் செய்வதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. பதினான்கு வயதுப் பிள்ளை, ஐம்பது பேர் உள்ள குழுவில், "பெரியப்பா, நீங்க போட்டது பொய்" என்று எழுதினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். விஷயம் மறந்துபோகும், மரியாதைதான் விவாதமாகும். "யாருடி உனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தது?" என்ற கேள்வி கடைசியில் பள்ளிக்கூடத்துக்கும் வரும். அதனால் நான் வைத்திருக்கும் விதி: குழுவில் எழுதாதே, தனியாகச் சொல்; பொய் என்று ஆரம்பிக்காதே, "பெரியப்பா, இது எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்தேன், இப்படி இருக்கு" என்று இணைப்பை அனுப்பு; பிறகு விட்டுவிடு. ஒரு பையனின் தாத்தா இப்போது எதையும் அனுப்பும் முன் பேரனிடம் காட்டிக் கேட்கிறாராம். எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது. சில வீடுகளில் பிள்ளையைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

விக்கிப்பீடியாவைப் பார்க்காதே என்று சொல்லும் ஆசிரியர்கள் நிறைய. நான் பார்க்கச் சொல்கிறேன், ஆனால் அடியிலிருந்து. கட்டுரையின் அடியில் மேற்கோள்கள் உண்டா, அவை திறக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு வரலாறு என்ற இணைப்பைத் தட்டினால் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று தெரியும். ஓர் ஊர்க் கட்டுரையில் சாதிப் பெயர் ஒருநாள் சேர்க்கப்படுவதையும் மறுநாள் நீக்கப்படுவதையும் மாணவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டால், எழுதப்பட்டது எல்லாவற்றுக்கும் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது விளங்கிவிடும். பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் திறந்து காட்டுவேன். அறிஞர்கள் எழுதியது, நம்பகமானது. ஆனால் முதல் தொகுதி வந்தது 1954-ல். அதில் மக்கள்தொகையைத் தேடக்கூடாது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு வேலை கூடிவிட்டது. 'எங்கள் தாலுகா வரலாறு பற்றி ஐந்து நூல்கள் சொல்' என்று கேட்டால் நூல் பெயர், ஆசிரியர், ஆண்டு எல்லாம் கச்சிதமாக வருகின்றன. அந்தப் பட்டியலை நூலகத் தளங்களில் ஒவ்வொன்றாகத் தேடச் சொல்வேன். சில நூல்கள் இருக்கும், சில எங்குமே இருக்காது. பெரியவர்களும் இதில் விழுகிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு ஒரு திருப்தி. 2023-ல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்ததைச் சொல்வேன்.

மதிப்பெண் இல்லாமல் எதுவும் நிற்காது. செயல்திட்ட நோட்டில் ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே 'எங்கே பார்த்தாய்' என்று ஒரு பத்தி வைத்திருக்கிறேன், அதற்குத் தனி மதிப்பெண். 'கூகுள்' என்று எழுதினால் பூஜ்யம். கூகுள் வழிகாட்டியதே தவிர எதையும் சொல்லவில்லை.

இந்த ஆண்டு அந்தப் பத்தியை நிரப்ப முடியாமல் ஒரு குழு என்னிடம் வந்தது. தலைப்பு கீழடி. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கை, கரிமக் காலக்கணிப்பை வைத்துக் கீழடியை கிமு 6-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகிறது. முதலில் அங்கே அகழாய்வு செய்த அமர்நாத் ராமகிருஷ்ணன் 2023-ல் கொடுத்த அறிக்கையைத் திருத்தித் தரும்படி இந்தியத் தொல்லியல் துறை 2025-ல் கேட்டது, அவர் தன் முடிவில் உறுதியாக நின்றார். இரண்டுமே அரசு அமைப்புகள், இரண்டிலும் அறிஞர்கள் இருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் விசாரித்தால் அங்கேயும் இரண்டு பதில். எந்த மாதிரி எந்த ஆழத்தில் கிடைத்தது, யார் எதை ஏற்கவில்லை, என்ன காரணம் சொல்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போட வைத்தேன். போட்டு முடித்துவிட்டு, "அப்போ பரீட்சைல எதை எழுதறது டீச்சர்?" என்றார்கள். பரீட்சையில் பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள், செயல்திட்ட நோட்டில் இரண்டையும் எழுதி யார் சொன்னது என்று போடுங்கள் என்றேன். எதிரே இருந்த பத்தி போதவில்லை, இன்னொரு தாள் ஒட்டிக் கொண்டுவந்தார்கள்.