கடைசிக் குழாயில் சோதியுங்கள்

சென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கத்து மாநகராட்சிப் பள்ளிகளுக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "ஒரு ஆர்.ஓ. மெஷின் வாங்கிக் கொடுத்துடட்டுமா?" என்பதுதான். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கடைசியில் வாங்குங்கள். மெஷின் மேல் நன்கொடையாளர் பெயர் பளிச்சென்று இருக்கும், ஃபில்டர் மாற்றத்தான் ஆள் இருக்காது. அதோடு, ஆர்.ஓ. உப்பைக் குறைக்கும்போது தண்ணீரில் இருந்த குளோரினையும் எடுத்துவிடுகிறது. அந்தத் தண்ணீரை மூடியில்லாத டிரம்மில் பிடித்து வைத்து, பிள்ளைகள் டம்ளரோடு விரலையும் முக்கி மொண்டால், புதிதாகச் சேரும் கிருமியைத் தடுக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. டிடிஎஸ் மீட்டரை வைத்து "தண்ணி நல்லாயிருக்கு" என்று தீர்ப்புச் சொல்வதையும் நிறுத்துங்கள். அது கரைந்திருக்கும் உப்பை மட்டும்தான் அளக்கும், கிருமியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

தலைமையாசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோரும் பெரிய செலவில்லாமல் தொடங்கக்கூடிய வேலைகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: மெட்ரோ குழாயா, லாரியா, போரா? மெட்ரோ தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து குளோரினோடுதான் கிளம்புகிறது. ஆனால் நாள் முழுக்க வருவதில்லை. சப்ளை நின்று குழாயில் அழுத்தம் இறங்கும்போது, பக்கத்தில் ஓடும் கழிவுநீர் விரிசல் வழியாக உள்ளே இழுக்கப்படும். அதனால் சம்ப்புக்கு வந்து சேர்வது புழல் சுத்திகரிப்பு நிலையத்தில் கிளம்பிய அதே தண்ணீர் என்று நம்ப முடியாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சம்ப்பையும் மேல் டேங்க்கையும் காலி செய்து, அடிச்சேற்றை அள்ளிக் கழுவ வேண்டும். வேலை தெரிந்த ஆட்களை வையுங்கள். மூடியை நெடுநேரம் திறந்து வைத்துக் காற்றாட விட்ட பிறகுதான் இறங்க வேண்டும், மேலே ஒருவர் நிற்காமல் யாரும் இறங்கக் கூடாது. பிள்ளைகளை இந்த வேலைக்கு ஒருநாளும் அனுப்பாதீர்கள். சம்ப் மூடிக்குப் பூட்டு போடுங்கள். திறந்து கிடந்த தொட்டியில் குழந்தை விழுந்து இறந்த செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்!

எல்லோரும் தடுமாறுவது அடுத்ததில்தான்: குளோரின் அளவு. கண்ணளவில் இரண்டு கை பிளீச்சிங் பவுடரை அள்ளி சம்ப்பில் வீசுகிறார்கள். ஒருநாள் மருந்து வாடை தாங்காமல் பிள்ளைகள் தண்ணீரையே தொடமாட்டார்கள், மறுநாள் குளோரின் துளியும் இருக்காது.

கணக்கு எளிது. சம்ப்பின் நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, 28-ஆல் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். 8 அடிக்கு 6 அடி சம்ப்பில் 4 அடித் தண்ணீர் நின்றால் சுமார் 5,400 லிட்டர். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பவுடர் என்று தொடங்குங்கள். இந்தச் சம்ப்புக்கு 22 கிராம். சத்துணவுக் கூடத் தராசு இவ்வளவு சிறிய எடையைச் சரியாகக் காட்டாது. பக்கத்து மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் ஒரே ஒருமுறை நிறுத்து, ஒரு பிளாஸ்டிக் மூடியில் கொட்டி, அந்த மட்டத்தில் பெர்மனன்ட் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு தராசே வேண்டாம், அந்த மூடியைத் தொலைக்காமல் இருந்தால் போதும்.

புதுப் பவுடரில் குளோரின் சுமார் 33 சதவீதம் இருக்கும். மூட்டையைத் திறந்து வைத்தால் நாளுக்கு நாள் குறையும். கழிப்பறை வாசலில் தூவுவதற்காகத் திறந்து கிடக்கும் மூட்டையிலிருந்து குடிநீருக்கு எடுக்கவே கூடாது. சிறிய பாக்கெட்டாக வாங்கி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஈரமாகிக் கட்டிதட்டினாலும், திறந்ததும் நெடி அடிக்காவிட்டாலும் அந்தப் பவுடர் உதவாது. கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு பவுடரைக் கலந்தால் விஷவாயு கிளம்பும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

பவுடரை நேராகக் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் பக்கெட் நிரப்பிக் கலக்கி, கால் மணி நேரம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும், அதுவும் சம்ப்பில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போது ஊற்றினால் தானாகக் கலந்துவிடும். அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் மோட்டார் போட வேண்டும். காலை 6 மணிக்கு வாட்ச்மேன் இதைச் செய்துவிட்டால் பள்ளி தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கலங்கலான தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது. லாரித் தண்ணீர் பழுப்பாக வந்தால் இறக்கவிடாதீர்கள்.

இனி சோதனை. சம்ப்பிலோ டேங்க்கிலோ எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. பிள்ளைகள் குடிக்கும் குழாய்களில் டேங்க்கிலிருந்து ஆகத் தூரத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு, சோதனைக் குழாயில் கோடு வரை பிடித்து, டிபிடி மாத்திரையைப் போட்டுக் கலக்குங்கள். குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் வரும், அட்டையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி. கரைசல் விலை குறைவு, ஆனால் நச்சு. பிள்ளைகள் நடமாடும் இடத்தில் டிபிடிதான் என் கட்சி. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 கேட்பது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். 0.2-க்கும் 0.5-க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், வாடையும் உறுத்தாது.

நிறமே வரவில்லையா? பவுடரைப் பாதி அளவு கூட்டி, அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் வராவிட்டால் மேலும் மேலும் கொட்டிக்கொண்டு போகாதீர்கள். ஏதோ அழுக்கு குளோரினைத் தின்கிறது என்று அர்த்தம். சம்ப் சுவரில் கழிவுநீர் கசிகிறதா, டேங்க்கில் செத்த பல்லியோ புறாவோ கிடக்கிறதா என்று பாருங்கள். சரியாகும்வரை பிள்ளைகளுக்குக் கேன் தண்ணீர் கொடுங்கள். தினமும் வந்த அளவை ஒரு நோட்டில் எழுதிக் குழாய் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். எழுதுபவர் இன்னார் என்று ஒரே பெயர் இருக்க வேண்டும். "எல்லாரும் பாத்துக்குவோம்" என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

மாதம் ஒருமுறை எச்2எஸ் பாட்டிலும் வையுங்கள். குவாலியர் பாதுகாப்பு ஆய்வகத்தில் உருவாகி 1982-ல் வெளியான எளிய முறை இது. கோடு வரை தண்ணீர் பிடித்து மூடி, வகுப்பறை அலமாரியில் வைத்தால், மலக்கலப்பு உள்ள தண்ணீர் ஓரிரு நாளில் கறுத்துவிடும். குழாய்த் தண்ணீரில் ஒரு பாட்டில், கை விட்டு மொள்ளும் டிரம்மில் ஒரு பாட்டில் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் இன்டர்வெல்லில் ஓடிவந்து பார்ப்பார்கள். முதலில் பாட்டிலுக்குள் இருக்கும் காகிதப் பட்டையின் ஓரம் சாம்பலாகும், பிறகு தண்ணீர் முழுதும் மை போலாகும். சுகாதாரப் பாடத்தை அங்கே நின்று எடுங்கள். கறுத்த பாட்டிலைப் பிள்ளைகள் தொடக் கூடாது. பிளீச்சிங் கரைசல் ஊற்றி ஊறவைத்த பிறகு பெரியவர்கள் அப்புறப்படுத்த வேண்டும்.

டிரம் வைத்தே ஆக வேண்டுமென்றால் அடியில் குழாய் வைத்த, மூடியுள்ள டிரம்மாக இருக்கட்டும். அண்ணாந்து குடிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்டு, அதைக் கெடுக்காதீர்கள்.

கைகழுவலில் சிக்கல் அறிவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. 150 பிள்ளைகள், 4 குழாய், ஆளுக்கு அரை நிமிடம் என்றால் 19 நிமிடம் ஆகும். பசியோடு இருக்கும் பிள்ளை நிற்காது. ஒரு அங்குல பிவிசி குழாயில் முக்கால் அடிக்கு ஒன்றாகச் சிறு துளை போட்டு, முனையை அடைத்து, ஒரே வால்வில் இணைத்தால் பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் கழுவலாம். பிளம்பருக்கு அரைநாள் வேலை.

சோப்புக் கட்டி காணாமல் போகும். ஒன்றரை லிட்டர் பாட்டிலில் 30 கிராம் சலவைத்தூள் கரைத்து, மூடியில் துளையிட்டுக் கட்டிவிடுங்கள். வங்கதேசத்தில் சோதித்துப் பார்த்த முறை. அங்கேயே இரண்டு கிராமப் பள்ளிகளில் கழிப்பறையிலிருந்து குழாய் வரை தரையில் பாதச்சுவடும், குழாயருகே கைச்சுவடும் வரைந்தார்கள். கழிப்பறை போய்வந்து சோப்பால் கழுவிய பிள்ளைகள் 4 சதவீதத்திலிருந்து ஆறு வாரத்தில் 74 சதவீதம் ஆனார்கள். அக்டோபர் 15 உலகக் கைகழுவும் தினத்துக்குப் போஸ்டர் அடிக்கும் பணத்தில் பெயிண்ட் வாங்கிவிடுங்கள்.

பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதைக் கவனியுங்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், உள்ளே தண்ணீர், நாப்கின் போட மூடியுள்ள தொட்டி, இந்த மூன்றும் இல்லாவிட்டால் மாலைவரை அடக்கிக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் குடிக்க நினைவூட்டிப் பள்ளியில் அடிக்கும், கேரளத்தில் 2019-ல் தொடங்கிய தண்ணீர் மணி நல்ல யோசனைதான், ஆனால் தாழ்ப்பாளைச் சரிசெய்துவிட்டு மணி அடியுங்கள்.

பணத்துக்குத் தயங்க வேண்டாம். சமக்ர சிக்ஷா பள்ளி மானியத்தில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கென்றே ஒதுக்கப்பட்டது. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, பவுடர், டிபிடி மாத்திரை, சலவைத்தூள் மூன்றையும் மாதச் செலவாக எழுதிவிடுங்கள்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது முதல் நாள் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது. கோடை முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீர் அது. இரண்டு நாள் முன்பே டேங்க்கைக் காலி செய்து கழுவி, மருந்து போட்டு, எல்லாக் குழாயையும் திறந்து ஓடவிட்டு, கடைசிக் குழாயில் ரோஸ் நிறம் வந்த பிறகு பிள்ளைகளை விடுங்கள்.