9 போட்டிகளில் 20 புள்ளிகள்: நல்ல தொடக்கத்தைக் கணக்குப் பார்ப்பது எப்படி?

புதிதாகக் கடை திறக்கும் ஒருவர், வியாபாரம் மந்தமாகப் போனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பார். ஆனால் முதல் மூன்று மாதமும் எதிர்பார்த்ததை விட நன்றாகப் போனால் என்ன செய்வது என்று யோசித்து வைப்பவர்கள் மிகக் குறைவு. நான் பார்த்த அளவில் நல்ல தொடக்கத்தால் தடுமாறிய கடைகளும் நிறைய உண்டு. இந்த வாரம் அதைப் பற்றித்தான் பார்க்கப் போகிறோம்.

இதற்கு உதாரணமாக ஆங்கில உதைபந்தாட்டத்தை எடுத்துக் கொள்கிறேன். நான் பல வருட கால ரசிகன் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அடுத்தவரின் கடைக் கணக்கை நாம் பார்க்க முடியாது. ஒரு அணியின் கணக்கு ஒவ்வொரு வாரமும் எல்லோர் கண் முன்னாலும் இருக்கிறது.

ஹல் சிட்டியின் தொடக்கம்

இங்கிலாந்தின் கிழக்கே உள்ள துறைமுக நகரம் ஹல். அந்நகரின் கழகமான ஹல் சிட்டி 1904ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டது. 2008 மே 24ஆம் திகதி வெம்பிளி மைதானத்தில் பிரிஸ்டல் சிட்டியை 1-0 என வென்று, தன் வரலாற்றிலேயே முதல் தடவையாக முதலாம் பிரிவுக்குள் நுழைந்தது. அந்தக் கோலை அடித்தவர் அதே ஊரில் பிறந்த 39 வயது வீரர் டீன் வின்டாஸ்.

பிரிமியர் லீக்கில் 20 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 38 போட்டிகள். வென்றால் 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி. கடைசி மூன்று அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படும். புதிதாக வந்த ஹல் சிட்டி இறங்கிவிடும் என்றே பலரும் நினைத்தார்கள்.

நடந்தது வேறு. 2008 செப்டெம்பரில் ஆர்சனலை அதன் சொந்த மைதானத்திலேயே 2-1 என்று தோற்கடித்தார்கள். நான் ஆர்சனல் ரசிகன். அன்று என் அணி தோற்ற கவலையை விட, இந்தச் சின்ன அணியின் துணிச்சலைப் பார்த்த ஆச்சரியமே பெரிதாக இருந்தது. அடுத்த போட்டியில் டொட்டன்ஹாமையும் அதன் மைதானத்திலேயே வென்றார்கள். ஒக்டோபர் 25ஆம் திகதி இரவு கணக்கு இதுதான்: 9 போட்டிகள், 6 வெற்றி, 2 சமநிலை, 1 தோல்வி, 20 புள்ளிகள். அந்த இரவு செல்சி, லிவர்பூல் ஆகிய அணிகளுக்குச் சமமான புள்ளிகளோடு ஹல் சிட்டி நின்றது.

ரசிகர்கள் என்ன செய்வார்கள்? முதலில் நம்பமாட்டார்கள். பிறகு கொண்டாடுவார்கள். அதன் பிறகு காகிதமும் பேனையும் எடுப்பார்கள். 9 போட்டிக்கு 20 புள்ளி என்றால், 38 போட்டிக்கு 84 புள்ளி! ஐரோப்பியக் கிண்ணத்துக்கே போகலாம்! நானும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து மகிழ்ந்தவன்தான். ரசிகனுக்கு அது உரிமை. அவன் கணக்குப் பொய்த்தால் யாருக்கும் செக் திரும்பப் போவதில்லை.

மீதி 29 போட்டிகளில் ஹல் சிட்டி பெற்றது வெறும் 15 புள்ளிகள், 2 வெற்றிகள் மட்டும். 2009 மே 24ஆம் திகதி, வெம்பிளி வெற்றிக்குச் சரியாக ஒரு வருடம் கழித்து, கடைசிப் போட்டியிலும் மென்செஸ்டர் யுனைட்டட்டிடம் தோற்றார்கள். அதே நேரம் நியூகாஸில் அணி அஸ்டன் வில்லாவிடம் தோற்றதால்தான் 35 புள்ளிகளோடு தப்பினார்கள். நியூகாஸில் 34 புள்ளிகளோடு கீழே இறங்கியது.

பட்டியல் காட்டாத கணக்கு

அந்த முதல் 9 போட்டிகளின் கோல் கணக்கைப் பாருங்கள். அடித்தவை 14, வாங்கியவை 11. ஆறு போட்டி வென்று ஒன்றில் மட்டும் தோற்ற அணிக்கு மிச்சம் 3 கோல்கள்தான். ஆறு வெற்றிகளில் ஐந்து ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வந்தவை. சொந்த மைதானத்தில் விகன் அணியிடம் 0-5 என்று தோற்றதும் இந்த 9 போட்டிகளுக்குள்தான். புள்ளிப்பட்டியல் பெரிதாகத் தெரிந்தது, உள்ளே இலாபம் மெல்லியதாக இருந்தது.

வியாபாரத்திலும் இப்படித்தான். விற்பனை என்பது புள்ளிப்பட்டியல். அதைத்தான் நாலு பேரிடம் சொல்வோம். கையில் மிஞ்சியது எவ்வளவு, கடன் கொப்பியில் நிற்பது எவ்வளவு என்பதுதான் கோல் கணக்கு.

2009 ஜனவரியில் ஹல் சிட்டி, புல்ஹாம் கழகத்திடமிருந்து ஜிம்மி புல்லார்ட் என்ற வீரரை 50 இலட்சம் பவுண் கொடுத்து வாங்கியது. அதுவரை அக்கழகம் ஒரு வீரருக்குக் கொடுத்த ஆகக்கூடிய தொகை அது. ஒப்பந்தம் நாலரை வருடங்களுக்கு. முதல் போட்டியிலேயே முழங்காலில் காயம்பட்டு அந்தப் பருவம் முழுவதும் அவரால் விளையாட முடியவில்லை. காயம் யாருடைய குற்றமும் அல்ல. ஆனால் விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். அடுத்த வருடம், 2010இல், ஹல் சிட்டி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. கடன் சுமையோடு இருந்த கழகம் அந்த டிசம்பரில் எகிப்தில் பிறந்து ஹல் நகரில் தொழில் நடத்திய அஸெம் அல்லாமின் குடும்பத்தினர் கைக்கு மாறியது.

இன்னொரு அணி, இன்னொரு முதலாளி

இதே லீக்கில் 2015இல் லெஸ்டர் சிட்டி அணியும் நன்றாகத் தொடங்கியது. 9 போட்டிகளில் 16 புள்ளிகள், ஒரே ஒரு தோல்வி. அடித்த கோல்கள் 19, வாங்கியவை 17. அந்த ஒன்பதில் ஒரு போட்டியில்கூட கோல் வாங்காமல் இருக்கவில்லை.

முகாமையாளர் கிளோடியோ ரனியேரி இந்த ஓட்டையைத்தான் பார்த்தார். கோல் வாங்காமல் ஒரு போட்டியை முடித்தால் எல்லோருக்கும் பீட்ஸா வாங்கித் தருகிறேன் என்றார். 10ஆவது போட்டியில் கிறிஸ்டல் பெலஸ் அணியை 1-0 என வென்றதும் சொன்னபடி அழைத்துச் சென்றார். ஆனால் பீட்ஸாவை வீரர்களே தங்கள் கையால் செய்ய வேண்டியிருந்தது. ரசிகர்கள் கிண்ணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகும், எங்கள் இலக்கு 40 புள்ளிகள்தான் என்றே அவர் சொல்லி வந்தார். 40 புள்ளி என்பது கீழே இறங்காமல் தப்புவதற்குப் போதும் என்று வழக்கமாகச் சொல்லப்படும் அளவு.

முதல் 9 போட்டிகளில் 17 கோல் வாங்கிய அந்த அணி, மீதி 29 போட்டிகளில் வாங்கியது 19 மட்டுமே. 81 புள்ளிகளோடு 2016இல் சம்பியன் ஆனது. எல்லோருக்கும் அப்படி ஒரு கிண்ணம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. நல்ல தொடக்கம் கிடைத்த நேரத்தில் அவர் எதைப் பார்த்தார் என்பதுதான் நமக்குரிய பாடம்.

உங்கள் கடையின் 40 புள்ளி எது?

ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். ஒரு புடவைக் கடைக்கு மாத வாடகை 60,000 ரூபா, இரண்டு ஊழியர்களுக்குச் சம்பளம் 70,000, மின்சாரம், தொலைபேசி 20,000. மொத்தம் மாதம் 150,000, வருடத்துக்கு 18 இலட்சம். 100 ரூபா விற்றால் 15 ரூபா மொத்த இலாபம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்படியானால் வருடத்துக்கு 120 இலட்சம் ரூபாவுக்கு விற்றால்தான் செலவு கட்டும். இதுதான் அந்தக் கடையின் 40 புள்ளி.

கடை நோன்பு காலத்தை ஒட்டித் திறக்கப்படுகிறது. பெருநாள் வியாபாரத்தோடு முதல் மூன்று மாதத்தில் 45 இலட்சம் விற்பனை. மாதம் 15 இலட்சம்! இப்படியே போனால் வருடம் 180 இலட்சம் என்று மனம் சொல்லும். ரசிகன் போட்ட அதே 84 புள்ளிக் கணக்கு இது.

பெருநாள் முடிகிறது. மீதி ஒன்பது மாதமும் விற்பனை 8 இலட்சம் வீதம் போகிறது. வருட மொத்தம் 117 இலட்சம், அதில் மொத்த இலாபம் 17 இலட்சத்து 55 ஆயிரம். செலவு 18 இலட்சம். அத்தனை நல்ல தொடக்கத்துக்குப் பிறகும் 45,000 ரூபா நட்டம். இதைச் சமாளிக்கலாம். ஆனால் முதல் மூன்று மாத உற்சாகத்தில் மாதம் 40,000 ரூபாவுக்கு லீசிங்கில் ஒரு வேன் எடுத்திருந்தால், நட்டம் 405,000 ரூபா. பெருநாளுக்குக் கடனாகக் கொடுத்த துணிக்கான பணம் இன்னும் வந்து சேராவிட்டால் நிலைமை இதைவிட மோசம்.

செய்ய வேண்டியவை

1. உங்கள் கடையின் வருடச் செலவைக் கட்டும் விற்பனை எவ்வளவு என்பதை கடை திறக்கும் முன்பே எழுதி வையுங்கள். அந்தத் தொகையைத் தொடும் வரை கிளை, வேன், கூடுதல் ஊழியர் எதுவும் வேண்டாம்.

2. பெருநாள், பாடசாலைத் தவணை ஆரம்பம், அறுவடைக் காலம் போன்ற சீசன் மாதங்களைத் தனியாக எழுதுங்கள். சாதாரண மாதத்தின் விற்பனையை வைத்தே வருடத்தைக் கணிக்க வேண்டும்.

3. கைக்கு வந்த பணத்தையும் கடன் கொப்பியில் உள்ளதையும் ஒவ்வொரு மாத முடிவிலும் பிரித்துப் பாருங்கள்.

4. முதல் மாதங்களில் உறவினரும் நண்பர்களும் வாழ்த்துச் சொல்ல வந்து வாங்குவார்கள். இரண்டாம், மூன்றாம் முறை திரும்பி வந்த வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

5. பக்கத்துக் கடைக்காரர் உங்களை இன்னும் படிக்கவில்லை என்பதை மறவாதீர்கள். உங்கள் விலையை அவர் பிடிக்க அதிக காலம் எடுக்காது. அப்போதும் தாங்கும் இலாபம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

6. நல்ல மாதத்தில் வந்த மேலதிகப் பணத்தில் முதலில் மூன்று மாத வாடகையையும் சம்பளத்தையும் ஒதுக்கி வையுங்கள்.

கடை நன்றாகப் போகும்போது வீட்டாரும் நண்பர்களும் உங்கள் ரசிகர்களாகி விடுவார்கள். இன்னொரு கடை போடுங்கள் என்று முதலில் சொல்பவர்களும் அவர்களே. அவர்கள் அன்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கல்லாவில் இருப்பவர் தன் கடைக்கே ரசிகராகிவிட்டால் ஓட்டையைப் பார்க்க ஆள் இல்லாமல் போய்விடும். இந்த மாதம் நல்ல வியாபாரம் என்றால், இன்றிரவு கடையைச் சாத்திய பின் அரை மணித்தியாலம் ஒதுக்கி மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்.