துப்பறியும் சாம்பு

பாலாற்றங்கரையை அடுத்த வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலாற் பெயர் பெற்றவை. உப்பிடப்பட்டு வரும் பச்சைத் தோல் நீரில் ஊறும், சுண்ணாம்பிற் கிடக்கும், மயிரும் ஊனும் நீங்கும், முற்காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றிலும், பிற்காலத்தில் குரோமிய உப்பிலும் பதமாகும். அவ்வாறு பதமான தோல்களைத் தரம் பிரிப்பதற்கென்றே கைதேர்ந்த தொழிலாளர் உளர். அவர் ஒரு தோலை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார், விரலால் தடவுவார், மடித்து நோக்குவார். "இவ்விடத்தில் முள் கீறியிருக்கிறது, இவ்விடத்தில் உண்ணி கடித்திருக்கிறது, இங்கே உரித்தவன் கத்தி தவறியிருக்கிறது" என்று கூறுவார். அந்த விலங்கை அவர் ஒருபோதும் கண்டதில்லை. எஞ்சி நின்ற அடையாளங்களைக் கொண்டே நடந்தவற்றை உய்த்துணர்கின்றார். துப்பறிதல் என்பதும் இதுவே.

இத்தகைய கூர்மதியைப் போற்றி எழுந்தவையே துப்பறியும் கதைகள். அமெரிக்க நாட்டு எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1841-ஆம் ஆண்டில் வெளியிட்ட கதையொன்றில் துப்பேன் என்னும் அறிஞனைப் படைத்தார். இங்கிலாந்தில் ஆர்தர் கோனன் டாயில் படைத்த செர்லாக் ஓம்சு 1887-இல் வாசகர்க்கு அறிமுகமானான். தமிழிலும் இவ்வகைக் கதைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெருகின. வேலூருக்கு அண்மையிலுள்ள ஆரணியைத் தம் பெயரிற் கொண்ட ஆரணி குப்புசாமி முதலியார், மேனாட்டுக் கதைகளைத் தழுவி எண்ணற்ற நாவல்களை இயற்றினார். ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனைப் படைத்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரை உலவவிட்டார். இக்கதைத் தலைவர்கள் யாவரும் அறிவிற் சிறந்தவர்கள், அஞ்சாதவர்கள், பிறர் காணாததைக் காண்பவர்கள்.

இவர்கள் அனைவர்க்கும் நேர்மாறான ஒருவனைத் துப்பறிவோனாக்கினால் என்ன ஆகும்? இவ்வினாவுக்கு விடையாகப் பிறந்தவனே துப்பறியும் சாம்பு. அவனைப் படைத்தவர் தேவன் என்னும் புனைபெயர் கொண்ட ஆர். மகாதேவன் ஆவார்.

தேவன் தஞ்சைத் தரணியைச் சார்ந்த திருவிடைமருதூரில் 1913-ஆம் ஆண்டிற் பிறந்தார்; கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் பயின்றார். பின்னர் ஆனந்த விகடன் இதழிற் சேர்ந்து, அதன் நிருவாக ஆசிரியராக உயர்ந்தார். 'மிஸ்டர் வேதாந்தம்', 'கோமதியின் காதலன்', 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்', 'லக்ஷ்மி கடாக்ஷம்' முதலிய நெடுங்கதைகள் அவருடைய கைவண்ணத்துக்குச் சான்றாவன. பிறர் மனம் புண்படாத நகைச்சுவையே அவர்தம் எழுத்தின் தனிச்சிறப்பு. 1957-ஆம் ஆண்டில் தம் 43-ஆம் வயதிலேயே அவர் மறைந்தார். எனினும், 1940-களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய சாம்புவின் கதைகள் இன்றும் நூலாக நின்று படிப்போரை மகிழ்விக்கின்றன. படக்கதையாகவும் நாடகமாகவும் அவை உருப்பெற்றன. தொலைக்காட்சித் தொடரிற் சாம்புவாக நடித்துப் புகழ் பெற்றவர் காத்தாடி ராமமூர்த்தி ஆவார்.

சாம்பு வங்கியொன்றில் எழுத்தராக இருந்தவன். நடுத்தர வயதினன். பார்த்தவர் மதிக்கத்தக்க தோற்றம் அவனுக்கில்லை, பேச்சிலும் தெளிவில்லை. உடன் பணிபுரிந்தோர் அவனை அசடன் என்றே கருதினர். ஒருநாள் அவன் தன் வேலையையும் இழந்தான். இவ்வாறு எல்லாராலும் கைவிடப்பட்டவன், எதிர்பாராத வகையில் ஒரு குற்றத்தின் மருமம் வெளிப்படுவதற்குக் காரணமானான். 'இவன் பெரிய துப்பறிவாளன்' என்று ஊரார் பேசத் தொடங்கினர். அவன் மறுத்துச் சொல்லிய சொல்லும் அவனுடைய அடக்கத்துக்குச் சான்றாகவே கொள்ளப்பட்டது. அதன்பின் வழக்குகள் அவனைத் தேடி வந்தன. காவல்துறை இன்ஸ்பெக்டர் கோபாலன் அவனுடைய அறிவைக் கண்டு வியந்தார். வேம்பு என்பவள் அவனுக்கு வாழ்க்கைத் துணைவியாக அமைந்தாள்.

இக்கதைகளின் அமைப்பு நுட்பமானது. சாம்புவை நோக்குவோர் மூவர். காவலரும் பொதுமக்களும் ஒரு பக்கம். சாம்பு தானே ஒரு பக்கம். கதையைப் படிப்போர் மற்றொரு பக்கம். சாம்பு கால் இடறி விழுந்தால், 'அடையாளம் தேடிக் குனிந்தார்' என்பர் பொதுமக்கள். சாம்புவோ, 'அடி பட்டுவிட்டதே' என்று வருந்துவான். இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்து நகைப்பவர் படிப்போர். அவன் அஞ்சி ஓடினால் அது துரத்திச் செல்லுதல் ஆகும்; விடை தெரியாமல் விழித்தால் அது ஆழ்ந்த சிந்தனை ஆகும். புகழ் என்னும் கண்ணாடியை ஒருமுறை அணிந்துவிட்டால், அசட்டுத்தனமும் அறிவாகத் தோன்றும் என்பதைத் தேவன் இவ்வாறு காட்டுகின்றார். நகைப்புக்கு இலக்காவது சாம்பு மட்டும் அன்று; ஆராயாமல் இகழ்ந்து, பின்னர் ஆராயாமலே புகழும் உலகமும் ஆம்.

மேனாட்டிலும் இத்தகைய பாத்திரங்கள் பிற்காலத்தில் தோன்றின. 1963-இல் வெளிவந்த 'பிங்க் பேந்தர்' என்னும் திரைப்படத்தில், பீட்டர் செல்லர்சு என்னும் நடிகர் இன்ஸ்பெக்டர் குளூசோ என்ற தடுமாறும் துப்பறிவாளராகத் தோன்றிப் புகழ் பெற்றார். 1983-இல் தொடங்கிய 'இன்ஸ்பெக்டர் கேட்ஜெட்' என்னும் கேலிச்சித்திரத் தொடரில், தலைவன் உடலெங்கும் கருவிகளைக் கொண்டிருந்தும் தவறான வழியிலேயே செல்வான்; அவனுடைய உறவுப் பெண்ணான பென்னி என்னும் சிறுமியும், அவளுடைய நாயும் பெரும்பாலும் மருமத்தைத் துலக்குவர்; பெருமை மட்டும் அவனைச் சாரும். இவர்களுக்கெல்லாம் முன்பே தமிழில் உலவியவன் சாம்பு என்பது நாம் அறிந்து மகிழத்தக்கது.

'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது' என்பது பழமொழி. சாம்புவின் வெற்றிகள் யாவும் அத்தகையனவே எனச் சிலர் கூறுவர். அக்கூற்று முற்றிலும் பொருந்துவதன்று. பனம்பழம் விழும்போது காக்கை அம்மரத்தில் இருந்ததும் உண்மையன்றோ? தற்செயலாக ஓர் உண்மை வெளிப்படினும், அதனைக் காண ஒருவன் அங்கே இருத்தல் வேண்டும். சாம்பு அஞ்சினும் அழைத்த இடத்துக்குச் சென்றான். மேலும், 'எனக்கு எல்லாம் தெரியும்' என்னும் செருக்கு அவனிடம் இல்லை. இன்னாரே குற்றவாளி என்று முன்னரே முடிவு செய்துகொண்டு, அம்முடிவுக்கேற்ற சான்றுகளைத் தேடும் கொடுமையும் அவனிடம் இல்லை. அறிவிற் சிறந்தோர் சிலரிடத்தும் காணப்படாத நற்பண்பு இது.

ஆயினும், தற்செயலை நம்பி உலகியல் நடவாது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தோல் பதனிடும் கூடம் ஒன்றில் உப்பிட்ட மாட்டுத் தோல்கள் வந்து இறங்கின என்று கொள்வோம். கணக்கர் நிறுத்துப் பார்த்து, 500 கிலோகிராம் என ஏட்டிற் குறித்தார். சில நாட்கள் கழிந்தபின் மீண்டும் நிறுத்தபோது 470 கிலோகிராமே இருந்தது. 'முப்பது கிலோகிராம் எங்கே?' என்னும் கூக்குரல் எழுந்தது. கிடங்கிற் காவலிருந்தவன் அண்மையில் வேலைக்கு வந்த ஓர் ஏழை இளைஞன். அவனுக்காகப் பரிந்து பேச அங்கு ஒருவரும் இல்லை. ஆதலால், எல்லாருடைய கண்களும் அவன்மீதே பாய்ந்தன.

இவ்வழக்கைச் சாம்புவிடம் ஒப்படைத்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? அவன் கிடங்கினுள் அடி வைத்தவுடன் வழுக்கி விழுந்திருப்பான். "ஐயோ! இங்கே இவ்வளவு தண்ணீர் எப்படி வந்தது?" என்று அலறியிருப்பான். அதனைக் கேட்ட மேலாளர் திடுக்கிட்டுத் தரையை நோக்கியிருப்பார். உப்பிட்ட தோலிலிருந்து நாள்தோறும் நீர் வடியும், உப்பும் உதிரும், அதனால் எடை குறையும் என்னும் உண்மை அப்போது அவர் நினைவுக்கு வந்திருக்கும். தோல்களை எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை சிறிதும் குறைந்திராது. திருட்டும் இல்லை, திருடனும் இல்லை. இளைஞன் பழியினின்றும் தப்புவான். சாம்புவுக்கு மாலை விழும்.

இதனைப் படித்து நாம் சிரிக்கலாம். சிரித்து முடித்தபின் ஒரு வினாவை எழுப்பிப் பார்த்தல் வேண்டும். சாம்பு வழுக்கி விழாதிருந்தால் அந்த இளைஞன் நிலை என்னவாகியிருக்கும்? அவன் வேலையை இழந்திருப்பான். திருடன் என்னும் பெயரைச் சுமந்திருப்பான். அவனை நம்பிய குடும்பம் தலைகுனிந்திருக்கும். ஒருவனுடைய மானமும் வாழ்வும் மற்றொருவனுடைய கால் வழுக்குதலைச் சார்ந்து நிற்றல் தகுமோ? எடை குறைந்ததைக் கண்டவுடன், தோல்களை ஒருமுறை எண்ணிப் பார்க்க எவரேனும் முன்வந்திருந்தால் அதுவே போதுமானதாக இருந்திருக்கும். அதற்குப் பெரிய அறிவு வேண்டியதில்லை. சிறிது பொறுமையும், பிறன் துன்பத்தை எண்ணிப் பார்க்கும் நெஞ்சமும் போதும்.

ஆராயாமையால் விளையும் கேட்டைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். சிலப்பதிகாரத்திற் பாண்டிய மன்னன் பொற்கொல்லன் சொல்லை நம்பினான். கோவலன்மீது சாட்டப்பட்ட குற்றத்தை ஆராய்ந்தானில்லை. கோவலன் கொலையுண்டபின் கண்ணகி அவைக்கு வந்தாள். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள். கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள். ஒரு சிலம்பை உடைத்துப் பார்த்த மாத்திரத்தில் உண்மை விளங்கிவிட்டது. அச்சான்று கோவலன் கையிலேயே இருந்தது. அதனை முதல்நாளே சோதித்திருந்தால் கோவலன் இறந்திரான், பாண்டியனும் உயிர் துறந்திரான், மதுரையும் எரிந்திராது. சான்று இல்லாமையால் விளைந்த கேடன்று அது. சான்றை நோக்காமையால் விளைந்த கேடு.

திருவள்ளுவரும், ஒற்றரைக் கொண்டு செய்தி அறிதலைப் பற்றி ஒற்றாடல் என்னும் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆராய்ந்து தெளிதலைத் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்திற் கூறுகின்றார். ஊழின் வலியை ஓர் அதிகாரத்தில் எடுத்துரைத்த அவரே, விடாமுயற்சியின் பெருமையை ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் விளக்குகின்றார். சாம்புவுக்கு உதவியது ஊழ் எனக் கொண்டாலும், ஏனையோர்க்கு உதவ வேண்டுவது ஆள்வினையே ஆகும்.

இக்காலத்துத் துப்பறிதல் அறிவியலைத் துணைக்கொண்டு நடைபெறுகின்றது. விரல்ரேகைகளைத் தொகுத்துக் குற்றவாளிகளை அடையாளம் காணும் நிலையம் 1897-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டின் கல்கத்தா நகரில் நிறுவப்பட்டது. ஆங்கே பணிபுரிந்த அசீசுல் ஹக், ஹேம் சந்திர போசு என்னும் இந்திய அலுவலர் இருவர், ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதிற் பெரும்பங்கு கொண்டனர். ஒருவர் விரல்ரேகை மற்றொருவர் ரேகையை ஒவ்வாது. ஆதலால் இம்முறை குற்றம் புரிந்தவனைக் காட்டுவதோடு, குற்றமற்றவனைக் காக்கவும் வல்லது. துப்பறிதலின் பயன் ஒருவனைப் பிடித்தல் மட்டும் அன்று. ஒருவனை விடுவித்தலும் ஆம்.

எனவே, சாம்புவின் கதைகளைப் படிக்கும்போது இரண்டு உண்மைகளை மனத்திற் கொள்ளுதல் நலம். ஒருவனுடைய தோற்றத்தையும் தடுமாற்றத்தையும் கண்டு அவனை அசடன் என இகழ்தல் கூடாது. உலகம் கைவிட்டவனாலும் உலகுக்குப் பயன் விளையக்கூடும். அதுபோலவே, ஒருவன் பெற்ற புகழை மட்டும் கண்டு அவனை அறிஞன் எனக் கொள்ளுதலும் கூடாது. இகழ்ச்சிக்கும் புகழ்ச்சிக்கும் முன்னே நிற்க வேண்டியது ஆராய்ச்சி. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியோர் கூறியதும் இதுபற்றியே. தோலைத் தரம் பிரிப்பவர் மேற்புறத்தை மட்டும் பார்த்து விலை கூறுவதில்லை, புரட்டியும் பார்க்கின்றார். மாந்தரை மதிப்பிடும்போதும் அவ்வளவு பொறுமையேனும் நமக்கு வேண்டும்.

பயிற்சி

1. தோலைத் தரம் பிரிப்பவரின் செயல் துப்பறிதலை எவ்வாறு ஒத்திருக்கிறது?

2. சாம்பு ஏனைய துப்பறிவாளரினின்றும் வேறுபடும் வகையை விளக்குக.

3. கிடங்கிற் காவலிருந்த இளைஞன் மீது பழி விழுந்தது ஏன்? உண்மையை அறிய எளிய வழி யாது?

4. "சான்றை நோக்காமையால் விளைந்த கேடு" - இத்தொடரைச் சிலப்பதிகார நிகழ்ச்சி கொண்டு விளக்குக.

5. ஆராயாமல் ஒருவர்மீது பழி சுமத்திய நிகழ்ச்சி ஒன்றைக் கற்பனை செய்து, உண்மை வெளிப்பட்ட வகையை ஒரு பக்க அளவில் எழுதுக.